ஏழே மாதத்தில் பம்ப் போனது: டீசலில் வழவழப்பு இல்லையா, அடிட்டிவ் ஊற்றலாமா?

மேட்டு ஜீப் (கம்பம்), ஞாயிறு இரவு 9.42

வணக்கம். கம்பத்தில் இரண்டு ஜீப் வைத்து தோட்டத்து ஆள் ஓட்டம் பார்க்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆள் ஏற்றி, கம்பம்மெட்டு வழியாக கேரளாவில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வர வேண்டும். பிரச்சினை 98 மாடல் ஜீப்பில். இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்புவது ரோட்டரி பம்ப்.

காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. மேடு ஏறி இன்ஜின் சூடான பிறகு அணைத்துவிட்டால் போச்சு. பேட்டரி இறங்கும்வரை அடித்தாலும் பிடிக்காது. டிரைவர் பையன் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் எடுத்துக்கொள்கிறது. பொம்பளையாட்கள் எல்லாம் இறங்கி நின்று அவனைக் கிண்டல் செய்கிறார்கள். "காய்ச்சலா தம்பி, பத்துப் போட்டாச்சா?"

இந்த பம்பை ஜனவரியில்தான் ஹெட், அதற்குள் சுழலும் ரோட்டர் எல்லாம் புதிதாகப் போட்டு எடுத்தேன். இப்போது ஆகஸ்ட். பம்ப் வேலை பார்த்த கடையில் கேட்டால், "இப்ப வர்ற டீசல்ல வழவழப்பே இல்லைண்ணே, அடிட்டிவ் ஊத்தாம ஓட்டுனா இப்படித்தான்" என்று சொல்லி 250 மில்லி டப்பா இரண்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒன்று 450 ரூபாய்.

நடுவில் ஒருநாள் குமுளி சவாரி போனபோது அங்கே ஒரு மெக்கானிக்கிடம் பையன் காட்டியிருக்கிறான். அவர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வண்டி வெள்ளத்தில் போனதா என்று கேட்டாராம். மழை பெய்தது உண்மைதான், ஆனால் என் வண்டி எந்த வெள்ளத்திலும் இறங்கவில்லை. அதை விட்டுவிட்டேன்.

என் கேள்வி இதுதான். டீசலில் வழவழப்பு குறைந்தது உண்மையா? இந்த டப்பா வேலை செய்யுமா? இல்லை, சிலர் சொல்வது போல டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் 2டி ஆயிலே போதுமா?

ரெண்டு ஸ்ட்ரோக், ஞாயிறு இரவு 10.05

2டி ஆயில். இருநூறுக்கு ஒன்று. நாற்பது லிட்டர் டேங்க் என்றால் 200 மில்லி. எட்டு வருடமாக ஊற்றுகிறேன், சத்தம் குறையும், இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடும். டப்பாக்காரனுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

லாரி ஷெட் (தேனி), ஞாயிறு இரவு 10.31

ஒரு காலத்தில் இதே மேட்டில் பாதி ஜீப் ரேஷன் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. பத்து லிட்டர் டீசலுக்கு இரண்டு லிட்டர் நீலம். யார் பம்பும் ஏழு மாதத்தில் போகவில்லை. கந்தகத்தை எடுத்ததில் வந்த வினை இது. கந்தகம்தான் டீசலுக்கு எண்ணெய்ப் பசை. அதை எடுத்துவிட்டு வெறும் தண்ணியை விற்கிறார்கள்.

போடிக்காரன், திங்கள் காலை 6.50

ஷெட் அண்ணே, பாதி சரி, பாதி சரியில்லை. நான் சுத்திகரிப்பு ஆலை ஆய்வகத்தில் பதினொரு வருடம் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கந்தகத்தைக் குறைத்தது உண்மை. 2010ல் பிஎஸ் 3 புகை விதி நாடு முழுக்க வந்தபோது டீசலில் கந்தகம் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) வரை இருக்கலாம். 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 வந்தபோது 50. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6, வெறும் 10. ஆனால் கந்தகம் மசகு கிடையாது. அதை எடுக்க டீசலை 350 டிகிரி பக்கம் சூடாக்கி, ஹைட்ரஜனோடு சேர்த்து, கோபால்ட் மாலிப்டினம் வினையூக்கி வழியாக அழுத்தத்தில் விடுவார்கள். அந்தச் சூட்டில் கந்தகத்தோடு சேர்ந்து வேறு சில சில்லறைச் சங்கதிகளும் போய்விடும். ஆக்சிஜன், நைட்ரஜன் கோத்த மூலக்கூறுகள். அளவில் துளி. ஆனால் இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு வழுக்கலைக் கொடுப்பவை அவைதான். குளத்துப் படியில் பாசி ஒட்டியிருக்கிறதே, அப்படி. கல்லோடு ஒரு பக்கம் பிடிப்பு, மேலே கால் வைத்தால் வழுக்கல்.

இது முதலில் வெளிச்சத்துக்கு வந்தது சுவீடனில். 1990களின் தொடக்கத்தில் 10 பிபிஎம் டீசலை அங்கே விற்க ஆரம்பித்தார்கள். ரோட்டரி பம்புகள் சீக்கிரமே தேய்ந்து வரத் தொடங்கின. அதற்கப்புறம்தான் வழவழப்பை அளக்கவே ஒரு முறை வேண்டும் என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு உயவுத்தன்மை என்று பெயர்.

அளக்கும் விதம் இப்படி: 6 மில்லிமீட்டர் எஃகு உருண்டை ஒன்றை ஒரு தட்டின் மேல் வைத்து, 200 கிராம் எடையில், நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தட்டு 60 டிகிரி டீசலில் மூழ்கியிருக்கும். 75 நிமிடம் கழித்து உருண்டையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தேய்ந்த இடம் ஒரு வட்டத் தழும்பாகத் தெரியும். டீசலுக்கான நம் நாட்டு ஐஎஸ் 1460 தரத்தில் அந்தத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது, அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐரோப்பாவிலும் 460தான். அமெரிக்காவில் 520 வரை விடுகிறார்கள். நம்முடையது அதைவிடக் கறார்.

கந்தகம் எடுத்த டீசல் அப்படியே வந்தால் பல சமயம் 460ஐத் தாண்டிவிடும். அதனால் ஆலையிலேயே வழவழப்பு மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். பெரும்பாலும் கொழுப்பு அமிலம் அல்லது அதன் எஸ்டர். பத்து லட்சத்தில் நூறு, இருநூறு பங்கு. ஆயிரம் லிட்டர் டீசலுக்கு ஒரு டீ கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் நீங்கள் நேராகப் பிடிக்கும் டீசலில் அது ஏற்கெனவே இருக்கிறது.

நீல மண்ணெண்ணெய் விஷயம்: மண்ணெண்ணெய் டீசலைவிட மெலிது, வழவழப்பும் குறைவு. அந்தக் காலத்து டீசலில் வழவழப்பு மிச்சம் இருந்ததால் பொறுத்துக்கொண்டது. இன்றைய டீசலில் கலந்தால் ஆலையில் போட்ட மருந்தும் நீர்த்துப்போகும்.

ரெண்டு ஸ்ட்ரோக், திங்கள் காலை 7.15

லேப் கணக்கு வேறு, மேட்டு ரோடு வேறு சார். என் வண்டி ஓடுகிறதே!

போடிக்காரன், திங்கள் காலை 7.40

ஓடட்டும். ஊற்றாமலும் ஓடியிருக்கும் என்பதுதான் என் சந்தேகம். ஒரே வண்டியில் இரண்டையும் பார்க்க முடியாதே. 2டி ஆயில் பெட்ரோலோடு கலந்து, பிஸ்டனுக்கு மசகு கொடுத்துவிட்டு எரிந்துபோகச் செய்த எண்ணெய். டீசலைக் கொஞ்சம் கெட்டியாக்கும், சத்தம் குறைவது போலத் தோன்றும். ஆனால் கெட்டித்தன்மை வேறு, வழவழப்பு வேறு. உங்கள் பழைய வண்டியில் பெரிய கெடுதல் செய்யாது. பிஎஸ் 6 வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஊற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பேசுகிறேன்.

பிக்கப் 22 (கூடலூர்), திங்கள் காலை 8.02

நான் அந்த பிஎஸ் 6 கோஷ்டிதான். ஏன் ஊற்றக் கூடாது?

போடிக்காரன், திங்கள் காலை 8.20

சைலன்சர் வரிசையில் டிபிஎஃப் என்று ஒரு புகைச்சல்லடை இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே சூடேற்றி எரித்துக்கொள்ளும். சாம்பலை எரிக்க முடியாது, அது அங்கேயே தங்கும். 2டி ஆயில்கள் பலவற்றில் சாம்பல் தரும் உலோகச் சேர்மம் உண்டு. அப்புறம் உங்கள் காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாய்) அழுத்தம் 1600 பாரைத் தாண்டும், இன்ஜெக்டர் வாய் ரொம்ப நுண்ணிய துளை. வண்டிக் கம்பெனி கையேட்டில் எழுதாத எதையும் ஊற்றாதீர்கள். வாரண்டியும் போகும்.

பிக்கப் 22 (கூடலூர்), திங்கள் காலை 8.24

நீல மூடி டேங்கில் யூரியாத் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதை?

போடிக்காரன், திங்கள் காலை 8.25

ஐயோ. அது புகைக்கு. டீசல் டேங்கில் ஒரு டம்ளர் போனால்கூட சாவியைத் திருப்பாமல் டேங்கைக் கழற்றுங்கள்.

செக்கடி, திங்கள் காலை 11.10

விளக்கெண்ணெய்க்கு மேல் வழவழப்பு எதில் இருக்கிறது? எங்கள் அப்பா காலத்தில் வண்டி அச்சுக்கே அதைத்தான் போடுவார்கள். ஒரு லிட்டரில் கால் டம்ளர் கலந்தால் போதாதா? சும்மா கேட்கவில்லை, என்னிடம் பத்து லிட்டர் இருக்கிறது.

போடிக்காரன், திங்கள் மதியம் 1.30

உங்கள் மூக்கு சரியான இடத்தில்தான் மோப்பம் பிடித்திருக்கிறது. விளக்கெண்ணெயிலிருந்து செய்த மெத்தில் எஸ்டரை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே சேர்த்தாலே வழவழப்பு நன்றாக ஏறும். புங்கன், காட்டாமணக்கு என்று எந்த எண்ணெயில் செய்த பயோடீசலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு போதும். ஆனால் அது மெத்தனாலும் காரமும் போட்டு, கிளிசரினைப் பிரித்து எடுத்த சரக்கு. செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெய் டீசலோடு ஒழுங்காகக் கலக்காது, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்ற பச்சை எண்ணெயும் டீசலைத் தூவும் நாசில் வாயில் பிசினாகப் பிடிக்கும். பத்து லிட்டரையும் தலைக்கே தேயுங்கள்.

பம்ப் டேபிள் (தேனி), திங்கள் இரவு 9.15

இவ்வளவு நேரம் எல்லோரும் டீசலைப் பேசுகிறீர்கள், பம்பை யாரும் பேசவில்லை. நான் இருபது வருடமாக பம்ப் கேலிப்ரேஷன் செய்கிறேன்.

லாரியில் வரும் இன்லைன் பம்பில் கேம் பக்கம் இன்ஜின் ஆயில் ஓடும். டீசல் நனைப்பது அதை அழுத்தும் எலிமெண்டையும் நாசிலையும் மட்டும்தான். ரோட்டரி பம்பில் அப்படி இல்லை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் டீசல்தான் மசகு. அதனால் டீசலில் என்ன கோளாறு இருந்தாலும் முதல் அடி ரோட்டரிக்கு.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல், ஈரத்துணி போட்டால் ஆகிறது என்றால் ஹெட்டும் ரோட்டரும் தேய்ந்துவிட்டன என்று பம்பைக் கழற்றாமலே சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான். தேய்ந்தால் கூடும். டீசல் சூட்டில் இளகும். செல்ஃப் அடிக்கும் மெதுவான சுற்றில் நாசிலுக்குப் போக வேண்டியது அந்த இடுக்கில் நழுவிவிடும். துணி போட்டதும் பம்ப் குளிர்ந்து, டீசல் கொஞ்சம் கெட்டியாகி, அழுத்தம் கட்டுகிறது. துணியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். சிலர் சூட்டோடு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள், ரோட்டர் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

தேய்ந்த பம்புக்கு எந்த டப்பாவும் பயன்படாது. போன இரும்பு திரும்ப முளைக்காது. ஆனால் ஏழு மாதம் ரொம்பக் கம்மி. வழவழப்பு குறைவால் வரும் தேய்மானத்தைப் பார்த்திருக்கிறேன். ரோட்டர் சுற்றிலும் மங்கலாகப் பளபளப்பு போயிருக்கும், ஒரே சீராக. மண், தூசி என்றால் கண்ணுக்குத் தெரியும் நீளக் கீறல். தண்ணீர் என்றால் தனி அடையாளம் உண்டு: ரோட்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காபித்தூள் தெளித்த மாதிரி பழுப்புப் புள்ளி, நகத்தால் தடவினால் சொரசொரப்பு. ஸ்பிரிங்கிலும் துரு இருக்கும்.

பம்பைக் கழற்றியதும் படம் போடுங்கள். டீசல் எங்கே போடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மேட்டு ஜீப் (கம்பம்), செவ்வாய் இரவு 8.50

பம்பைக் கழற்றிவிட்டேன். படம் சரியாக விழவில்லை, எழுதிவிடுகிறேன். நீங்கள் சொன்ன காபித்தூள் இருக்கிறது. ஒரு பக்கம் மிளகு அளவு ஒரு திட்டு. சின்ன ஸ்பிரிங் ஒன்று முழுக்கச் சிவப்பு.

டீசல் பெரும்பாலும் கம்பம் பங்கில். வாரத்தில் மூன்று நாள் தோட்டத்திலேயே ஊற்றிவிடுவார்கள், வாடகையில் கழித்துக்கொள்வார்கள். அங்கே ஜெனரேட்டருக்கும் மோட்டாருக்கும் பேரலில் வைத்திருக்கிறார்கள். அதுவும் கம்பம் பங்கு டீசல்தான். கேரளாவில் 2023 ஏப்ரலில் லிட்டருக்கு இரண்டு ரூபாய் செஸ் போட்டதிலிருந்து மேலே யாரும் அங்கே வாங்குவதில்லை. அந்த பேரலை ஏற்றிக்கொண்டு போவதே என் ஜீப்தான், அதனால் டீசலில் கலப்படம் இருக்க வழியில்லை. பங்கில் டென்சிட்டியும், அதாவது அடர்த்தியும், கேட்டுப் பார்த்தேன். போர்டில் எழுதியிருந்ததற்கும் ஜாடியில் வந்ததற்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். மூன்று வரை இருக்கலாம் என்றார்கள்.

எஸ்டேட் பிள்ளை (வண்டிப்பெரியாறு), செவ்வாய் இரவு 9.20

அண்ணே, நடுவில் ஒரு சின்ன விஷயம். முதல் பதிவில் குமுளி மெக்கானிக் வெள்ளம் என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மலையாளியா? உங்கள் டிரைவர் எந்த ஊர்?

மேட்டு ஜீப் (கம்பம்), செவ்வாய் இரவு 9.31

மெக்கானிக் மலையாளி. பையன் உசிலம்பட்டி. வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது.

எஸ்டேட் பிள்ளை (வண்டிப்பெரியாறு), செவ்வாய் இரவு 9.34

மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். "டீசலில் வெள்ளம் உண்டு" என்று சொல்லியிருப்பார். பையன் அதை மழைவெள்ளமாக்கி உங்களிடம் சேர்த்துவிட்டான்.

மேட்டு ஜீப் (கம்பம்), செவ்வாய் இரவு 9.52

இப்போது அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமாண்ணே, ஃபில்டரைக் காட்டி வெள்ளம் வெள்ளம்னாரு, நான் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்கிறான். இருபது வருடமாக வெள்ளம் கேட்டு வாங்கிக் குடிக்கிறவன் நான். எனக்கு ஏன் உறைக்கவில்லை?

லாரி ஷெட் (தேனி), செவ்வாய் இரவு 9.55

வெறும் தண்ணியை விற்கிறார்கள் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

பம்ப் டேபிள் (தேனி), செவ்வாய் இரவு 10.20

அந்த பேரல் எப்படி வைத்திருக்கிறார்கள்? நிமிர்த்தியா, படுக்கப் போட்டா? மேலே கூரை உண்டா?

மேட்டு ஜீப் (கம்பம்), புதன் இரவு 9.05

இன்று நானே போய்ப் பார்த்தேன். ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. மேல்விளிம்புக்குள் அரை இன்ச் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் ஒரு இலை மிதந்தது.

பம்ப் டேபிள் (தேனி), புதன் இரவு 9.40

முடிந்தது கதை. பகலில் வெயிலில் பேரல் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடி மரை வழியாகக் கொஞ்சம் வெளியேறும். ராத்திரி உங்கள் மலைக் குளிரில் சுருங்கும்போது திரும்ப இழுக்கும். மூடி மேல் தண்ணீர் நின்றால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். எவ்வளவு இறுக்கினாலும் இதுதான். ஜூன் தொடங்கி தினம் ஒரு மடக்கு. கனம் கூடுதல் என்பதால் அது அடியில் தங்கும், நீங்கள் கைபம்பின் குழாயை அடிவரை விட்டு உறிஞ்சுவீர்கள்.

பேரலைக் கூரைக்குள் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் படுக்கப் போடுங்கள். மூடி இரண்டும் கடிகாரத்தின் ஒன்பதும் மூன்றும் போல ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், உள்ளே பாதிக்கு மேல் டீசல் இருக்கும்வரை மூடி நனைந்தே இருக்கும், காற்று இழுக்காது. உறிஞ்சும் குழாயை அடியிலிருந்து மூன்று இன்ச் மேலே நிறுத்திக் கட்டுங்கள். ஃபில்டர் அடியில் இருக்கும் திருகை வாரம் ஒருமுறை தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்.

போடிக்காரன், புதன் இரவு 10.15

டேபிள் அண்ணன் சொன்னதோடு ஒன்று. அந்த 450 ரூபாய் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீரை டீசலோடு கரைத்து எரித்துவிடும் என்று இருந்தால் ஊற்றவே வேண்டாம். அடியில் தனியாகக் கிடந்து திருகு வழியாக வெளியே போக வேண்டிய தண்ணீரை அது கையைப் பிடித்து பம்புக்குள் அழைத்துப் போகும். வழவழப்பு கூட்டும் என்று மட்டும் இருந்தால் சொன்ன அளவில் ஊற்றலாம், கெடுதல் இல்லை. புது ரோட்டர் போட்டு முதல் இரண்டு மூன்று டேங்குக்கு நானே ஊற்றுவேன். பழைய ரோட்டரி பம்ப் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு சின்னத் தெம்பு, அவ்வளவுதான். செடேன் (டீசல் சட்டென்று பற்றும் திறன்) கூட்டும், இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் என்பதெல்லாம் வேறு மருந்து, அதை வழவழப்புக்கு என்று வாங்காதீர்கள்.

ரெண்டு ஸ்ட்ரோக், புதன் இரவு 10.22

நான் 2டியை விடப் போவதில்லை.

மேட்டு ஜீப் (கம்பம்), மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6.10

பம்ப் வேறு கடையில் வேலை முடிந்து வண்டியில் ஏறி பதினேழு நாள் ஆகிறது. டேங்கைக் கழற்றிக் கழுவினோம். அடியில் மோர் மாதிரி வெளுத்த கசடு, அதற்குள் கறுப்பு நூல் நூலாக ஏதோ பூஞ்சை. டப்பாவைப் படித்தேன். ஒன்றில் வழவழப்பு என்று மட்டும் இருந்தது, அதை இரண்டு டேங்குக்கு ஊற்றினேன். இன்னொன்றில் போடிக்கார அண்ணன் சொன்ன அதே வார்த்தை, தண்ணீரைக் கரைக்கும். அதை வைத்துவிட்டேன்.

தோட்டத்து பேரலை எழுத்தரிடம் சண்டை போட்டு ஸ்டோர் திண்ணைக்கு மாற்றியாயிற்று. மாற்றும் முன் அடியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்தேன். குடிதண்ணீர் பாட்டில், ஒரு லிட்டர். ராத்திரி அப்படியே வைத்து காலையில் பார்த்தால் கீழே நான்கு விரல்கடை தண்ணீர், மேலே டீசல், நடுவில் கோடு போட்ட மாதிரி. அதை எழுத்தர் மேஜையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "இது வெள்ளமல்லே!" என்றார். என் பையன் பக்கத்தில்தான் நின்றான். இந்தத் தடவை சரியாகப் புரிந்துகொண்டான்.

முதல் வாரம் ஃபில்டர் திருகில் ஒரு மூடி அளவு தண்ணீர் வந்தது. இரண்டாவது வாரம் ஐந்தாறு துளி. நேற்று வெறும் டீசல்.

சூட்டில் அணைத்தால் உடனே எடுக்கிறது. ஈரத்துணி டூல்ஸ் பெட்டியில்தான் கிடக்கிறது. இரண்டாவது ஜீப்புக்கும் அதே பேரல் டீசல்தான் ஊற்றியிருக்கிறது. அதையும் இப்போதே கழற்றிப் பார்க்கட்டுமா, இல்லை ஓடும்வரை ஓட்டலாமா, டேபிள் அண்ணே?

பம்ப் டேபிள் (தேனி), ஞாயிறு இரவு 8.30

ஓடும் பம்பைக் கழற்ற வேண்டாம். டேங்கையும் ஃபில்டரையும் மட்டும் இந்த வாரமே கழுவுங்கள். சூட்டில் எப்படி எடுக்கிறது என்று பத்து நாள் பார்த்துச் சொல்லுங்கள்.